பேட்ஜ் எண் பதினேழும் பிலிப்பைன்ஸ் கவிஞரும்

நான் இருபத்தெட்டு வயதில் பணி ஓய்வு பெற்றவள். நம்பாதவர்களுக்குக் காட்ட என்னிடம் சால்வையும் சுவர்க் கடிகாரமும் இருக்கின்றன.

அரூரில் சுமை தூக்கும் தொழிலாளர் சங்கத்தின் அலுவலகத்தில் ஆறு ஆண்டுகள் தட்டச்சராக இருந்தேன். அரசுத் தேர்வில் தேறி, தாலுகா அலுவலக வேலைக்கு ஆணை வந்ததும் விலகினேன். எங்கள் சங்கத்தில் அதற்கு முன்னால் யாரும் அப்படி விலகியதில்லை. மூட்டை தூக்குகிறவர்கள் ஓய்வு பெறுவதில்லை. ஒரு நாள் முதுகு பிடித்துக்கொள்ளும், மறுநாளிலிருந்து வரமாட்டார்கள். அதனால் என்னை எப்படி அனுப்பிவைப்பது என்று சங்கத்தில் யாருக்கும் தெரியவில்லை. எங்கோ பார்த்த ஒரு பணி ஓய்வுப் பாராட்டு மடலை அப்படியே எடுத்துப் படித்துவிட்டார்கள். "இனிவரும் காலத்தைப் பேரப்பிள்ளைகளோடு மகிழ்ந்து கழிக்க வாழ்த்துகிறோம்" என்று அதில் இருந்தது. எனக்கு அப்போது கல்யாணமே ஆகவில்லை. இப்போதும் ஆகவில்லை.

என் நாற்காலியில் இப்போது தேன்மொழி என்ற பெண் இருக்கிறாள். போன வாரம் அவள் போன் செய்தாள்.

"அக்கா, பீரோ மேல ஒரு அட்டை ஒட்டியிருக்குதுங்களே, 'எந்த நாட்டையும் இரண்டாக உடைக்காதே'ன்னு. அது அரசியலுங்களா?"

"இல்ல. நோட்டீஸ் சம்பந்தப்பட்டது."

"யாரு எழுதி ஒட்டுனதுங்க?"

"நான்தான்."

"அப்ப ஆண்டு மலருக்கு அதையே எழுதிக் குடுத்துடுங்கக்கா. நாலு பக்கம் காலியாக் கெடக்குது."

காலிப் பக்கத்தை நிரப்பக் கேட்டாலும் கேட்டது என்னையல்லவா. எழுதுகிறேன்.

கடத்தூர் பக்கம் ஒரு கிராமத்துப் பெண் நான். அப்பா மண்டியில் மூட்டை இறக்கினார். மூட்டைமேல் எழுதியிருப்பதைப் படிக்கத் தெரியாது. சாயக் குறியைப் பார்த்து எந்தக் கடைக்கு எது என்று பிரிப்பார். எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் முடித்தவள் நான், முதலில் கல்லூரிக்குப் போனவளும் நான்தான். தமிழ் இலக்கியம் படித்தேன். தட்டச்சில் இளநிலை, முதுநிலை இரண்டும் முதல் வகுப்பு. படிப்பைப் பற்றி இதற்கு மேல் சொன்னால் பெருமை அடிப்பதாக இருக்கும். இதுவரை சொன்னதும் பெருமைதான், ஆனால் அளவானது.

சங்கத் தலைவரின் பெயரை இங்கே போட வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார். எல்லோரும் தலைவர் என்போம். அவர் காதில் விழாத இடத்தில் கவிஞர் என்போம். முப்பது ஆண்டு மூட்டை தூக்கியவர், முப்பது ஆண்டாகக் கவிதையும் எழுதுகிறவர். உட்கார்ந்துகொண்டு அவரால் ஒரு வரி சொல்ல முடியாது. எழுந்து, இடது தோளைக் கொஞ்சம் தாழ்த்தி, மேலே ஒரு மூட்டை இருப்பதுபோல் ஒரு கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அலுவலகத்தின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு நடப்பார். ஒரு நடைக்கு ஒரு வரி. மூலைக்குப் போனதும் மூட்டையை இறக்குவதுபோல் கையை விடுவார். அங்கே வரி முடிந்தது என்று அர்த்தம். அறை சின்னது. அதனால் அவர் கவிதைகளும் குட்டை வரிகளாகவே இருந்தன. பிற்பாடு பக்கத்து அறையையும் சேர்த்து வாடகைக்கு எடுத்தபோது வரிகள் நீண்டன. இதை நான் கண்கூடாகப் பார்த்தவள்.

நான் சேர்ந்த முதல் வாரம் தொழிலாளர் அலுவலகத்துக்கு ஒரு மனு. அனுப்புநர், பெறுநர், பொருள் எல்லாம் அடித்துவிட்டு, "பார்வைக்கு என்ன போடட்டும்ங்க?" என்று கேட்டேன். அரசுக் கடிதத்தில் பார்வை என்றால், இதற்கு முன் நடந்த கடிதப் போக்குவரத்தின் எண்ணும் தேதியும். அது எனக்குத் தெரியும். அவருக்கும் தெரிந்திருக்கும் என்று நினைத்தேன். அவர் எழுந்தார். தோளைத் தாழ்த்தினார்.

"எழுது பாப்பா. விடியாத வானத்தை / எங்கள் தோளில் சுமக்கிறோம்."

"தலைவரே, பார்வையில இது வராதுங்க."

"பார்வைன்னுதான போட்டிருக்குது? நம்ம பார்வையத்தான கேக்கறாங்க?"

இருபது நாள் கழித்துப் பதில் வந்தது. அந்தக் கடிதத்தை நான் இன்னும் நகல் எடுத்து வைத்திருக்கிறேன். 'பார்வையில் கண்ட விடியாத வானம் இவ்வலுவலகத்தில் பெறப்படவில்லை எனத் தெரிவிக்கப்படுகிறது.'

தலைவர் அதை இரண்டு முறை படித்தார். "அவங்களுக்கு எப்பிடிக் கெடைக்கும்? அது நம்ம தோள்மேல இல்ல இருக்குது" என்றார். கோபமே இல்லை. ஒரு பதில் கவிதை வந்ததுபோல அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

அன்றிலிருந்து ஒரு முறை வைத்துக்கொண்டோம். அவர் கவிதையாகச் சொல்வார், நான் மனுவாக அடிப்பேன். அவர் கேட்டால் படித்துக் காட்டும்போது மட்டும் கொஞ்சம் ஏற்ற இறக்கத்தோடு படிப்பேன்.

இனி பிலிப்பு விவகாரம். மஞ்சள் மண்டி ஒன்றில் பதினேழாம் எண் பேட்ஜ்காரர் பிலிப்பு. முப்பத்தைந்து வயது, நல்ல உயரம், யாரையும் அதிர்ந்து பேசாதவர். ஒரு நாள் நூறு கிலோ மூட்டை ஒன்றை அவர் தோளில் ஏற்றினார்கள். குடோன் வாசல்வரை கொண்டுபோனார். அங்கே நட்டநடு வாசலில் இறக்கி, அதன்மேலேயே உட்கார்ந்துகொண்டார். "இதுக்கு மேல முதுகு வராதுங்க. அம்பது கிலோவாக் கட்டுங்க, எத்தன வேணா தூக்கறேன்" என்றார். அவ்வளவுதான் அவர் செய்தது. ஆனால் அந்தக் குடோனுக்கு அது ஒன்றுதான் வாசல். இரண்டு மணி நேரம் மண்டியில் எதுவும் உள்ளே போகவில்லை, வெளியே வரவில்லை. வியாபாரிகள் பேட்ஜைப் பிடுங்கிக்கொண்டார்கள்.

பேட்ஜ் இல்லாதவர் மண்டி வாசலில் நிற்கலாம், மூட்டையைத் தொட முடியாது. எங்கள் பக்கத்து மண்டிகளில் அது குடும்பத்துச் சொத்து மாதிரி. ஒருவர் இறந்துவிட்டால் அவர் வீட்டிலிருந்து வருகிற ஆளுக்கு அதே எண்ணைக் கொடுத்துவிடுவார்கள். உயிரோடு இருக்கிறவரிடமிருந்து பிடுங்கினது அதுதான் முதல் முறை. நாங்கள் மனு போட்டோம். மூன்று முறை பேச்சுவார்த்தைக்குத் தேதி கொடுத்தார்கள். மூன்று முறையும் வியாபாரிகள் சங்கச் செயலாளர் வரவில்லை. ஒரு முறை கல்யாணம், ஒரு முறை காய்ச்சல், ஒரு முறை காரணமே சொல்லவில்லை. பிலிப்பு தொப்பூரில் ஒரு சாப்பாட்டுக் கடைக்குப் பரோட்டா மாவு பிசையப் போய்விட்டார். அவர் அம்மா வாரம் ஒரு முறை எங்கள் அலுவலகத்துக்கு வந்து, "எம் மவன் மாவு பிசையப் பொறந்தவனா?" என்று கேட்டுவிட்டுப் போவார்.

இப்படி இருக்கும்போது சென்னைத் தலைமைச் சங்கத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. பிலிப்பைன்ஸ் நாட்டில் தொழிற்சங்கத் தலைவராகவும் கவிஞராகவும் இருந்த ஒருவருக்கு எல்லாக் கிளைகளும் நினைவுக் கூட்டம் நடத்த வேண்டும். கூடவே ஆங்கிலத்தில் இரண்டு பக்கம் வாழ்க்கைக் குறிப்பு, ஒரு கவிதை, ஒரு படம். படம் நகலுக்கு நகல் எடுத்து எடுத்து முழுக்கக் கறுத்துப்போய், ஒரு மனிதர் என்பது மட்டும் தெரிந்தது. அவர் பெயர் எங்களில் யார் வாயிலும் முழுதாக நுழையவில்லை. கடைசிவரை பிலிப்பைன்ஸ் கவிஞர்தான்.

நான் குறிப்பைத் தமிழில் படித்துக் காட்டினேன். தலைவர் அப்போது நடக்கவில்லை. வாழ்க்கையில் முதல் முறையாக உட்கார்ந்து கேட்டார்.

"ஜெயில்ல இருந்துகிட்டா எழுதுனாரு?"

"ஆமாங்க. வருசக்கணக்கா உள்ள வச்சிருந்தாங்களாம்."

"பேப்பரு யாரு குடுத்தா?"

"அது போடலைங்க."

"மூட்ட தூக்கியிருக்காரா?"

"அதுவும் போடலைங்க."

"தூக்கியிருப்பாரு," என்றார் தலைவர். "இல்லாட்டி தலைவராவ முடியாது."

கவிதையை நான் உரைநடையாகத்தான் பெயர்த்துக் கொடுத்தேன். அவர் அதைத் தோளில் ஏற்றிக்கொண்டு மூன்று நாள் நடந்தார். மூன்றாம் நாள் பார்த்தால், அதில் கடல் இருந்த இடத்தில் வாணியாறு அணை இருந்தது.

"தலைவரே, அது தீவுங்க. சுத்தியும் கடலு."

"கடல நம்மாளுங்க எத்தன பேரு பாத்தாங்க? அணையின்னா உடனே புரியும்."

"மஞ்ச மூட்டையும் வருதே."

"அவரு இருந்திருந்தா எழுதியிருப்பாரு பாப்பா."

நோட்டீஸ் வேலை என்னுடையது. பேருந்து நிலையத்திலும் மண்டித் தெருவிலும் ஒட்டுகிற பெரிய நோட்டீஸ். அச்சகக்காரரிடம், "தலைப்பு நூறு அடி தள்ளி நின்னாலும் தெரியணும்ங்க" என்றேன். அவர் பிழை திருத்தப் படியை என்முன் நீட்டினார். நான் பார்க்காமலே கையெழுத்துப் போட்டேன்.

"ஒருக்கா படிச்சிடுங்கம்மா."

"என் எழுத்துல பிழை இருக்காதுங்க."

இருக்கவும் இல்லை. ஒவ்வொரு எழுத்தும் சரியாகவே இருந்தது. ஆனால் நூறு அடிக்குத் தெரிகிற அளவில் பிலிப்பைன்ஸ் என்ற சொல் ஒரு வரிக்குள் அடங்காது. அவர் முதல் வரியில் சிவப்பில் 'பிலிப்' என்று ஓர் ஆள் உயரத்துக்குப் போட்டார். அதன் கீழே, மிச்சமிருந்த இடத்தில், எறும்பு ஊர்வதுபோல் 'பைன்ஸ் கவிஞர், தொழிலாளர் தலைவர்'. அடுத்து மறுபடியும் பெரிதாக 'நினைவுக் கூட்டம்'. நினைவுக் கூட்டம் என்பதால் கண்ணீர் அஞ்சலிக்கு வைத்திருந்த கறுப்புக் கரையையும் சுற்றிலும் ஓட்டிவிட்டார். அதற்குத் தனியாகக் காசு எதுவும் வாங்கவில்லை என்று பிறகு சொன்னார்.

சனிக்கிழமை மாலை ஒட்டினார்கள். ஞாயிறு காலை பத்து மணிக்கு எனக்குப் போன் வந்தது.

"தங்கச்சி, நான் பிலிப்பு பேசறேன். நான் செத்துட்டேனாமே?"

"அண்ணா, யாருங்க சொன்னா?"

"எங்க மண்டி செட்டு ஆளு நோட்டீசப் போட்டோ புடிச்சு அனுப்பி, எப்படா செத்தேன்னு கேக்கறான். எங்க ஓட்டல் மொதலாளி லீவு குடுத்துட்டாரு. உன் சாவுக்கு நீயே போவாட்டி எப்பிடின்னு சொல்றாரு. மத்தியானத்துக்கு மாவு பெசஞ்சு குடுத்துட்டு, தருமபுரி வந்து பஸ் மாறி வந்துடறேன். கூட்டம் எத்தன மணிக்கு?"

"அஞ்சு மணிக்குங்க. அம்மாவுக்கு மொதல்ல போன் பண்ணுங்கண்ணா."

"பண்ணிட்டேன். கூட்டத்துக்கு அவங்களும் வர்றாங்களாம், நோட்டீசு போட்ட ஆளப் பாக்கணுமாம்."

தலைவரிடம் ஓடினேன். அவர் நோட்டீசைச் சுவரோரம் நின்று வெகுநேரம் பார்த்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன்.

"வரிய ஒடைக்கக் கூடாத எடத்துல ஒடச்சிட்டியே பாப்பா," என்றார். அவருக்கு அதுதான் வருத்தம்.

ஒரு மார்க்கர் பேனாவை எடுத்துக்கொண்டு பேருந்து நிலையத்திலிருந்து ஆரம்பித்தேன். 'பிலிப்' முடிகிற இடத்திலிருந்து 'பைன்ஸ்' தொடங்கும் இடத்துக்கு அம்புக்குறி போட்டேன். பதினொரு நோட்டீசில் போட்டதும் மை தீர்ந்தது. மண்டித் தெருவுக்குப் போகவே இல்லை. ஆறு ஆண்டில் நான் அழுதது அன்று மதியம் மட்டும்தான். அதையும் சாப்பாட்டு இடைவேளையில்தான் அழுதேன்.

மாலை நாலரைக்குப் பிலிப்பின் அம்மா கூட்டம் நடக்கும் மண்டபத்துக்கு வந்தார். "எவ அவ, எம் மவனக் கறுப்புக் கட்டத்துல போட்டவ?" என்று கேட்டுக்கொண்டே வந்தார்.

"நான்தாங்க ஆத்தா. மன்னிச்சிடுங்க."

"படிச்ச புள்ளதான நீயி?"

இந்தக் கேள்வி எனக்கு விழுந்த அடிகளில் பெரியது. பதில் சொல்வதற்குள் வாசலில் ஒரு கார் வந்து நின்றது. இறங்கியவர் வியாபாரிகள் சங்கச் செயலாளர். மூன்று பேச்சுவார்த்தைக்கும் வராதவர். கையில் ஆள் உயர மாலை. முகம் வெளிறிப் போயிருந்தது. பின்னால் இரண்டு வியாபாரிகள், கையைக் கட்டிக்கொண்டு.

அவர் நேராக மேடைக்குப் போய், நாற்காலியில் வைத்திருந்த கறுத்த படத்துக்கு மாலையைப் போட்டார். படத்தை உற்றுப் பார்த்தார். கும்பிட்டார். பிலிப்பின் அம்மா என்னைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார், செயலாளரைப் பார்த்தார். விஷயம் அவருக்கு விளங்கிவிட்டது. முதல் வரிசையில் உட்கார்ந்து முந்தானையை எடுத்து வாயை இறுக்கப் பொத்திக்கொண்டார். தோள் இரண்டும் குலுங்க ஆரம்பித்தன. செயலாளர் அதைப் பார்த்து இன்னும் கலங்கிப்போனார். அந்த அம்மா சிரிப்பை அடக்குகிறார் என்பது பக்கத்தில் இருந்த எனக்கு மட்டும் தெரிந்தது.

செயலாளர் மைக்கைக் கேட்டு வாங்கினார். சொல்லிவிட வேண்டும் என்று நான் எழுந்தேன். தலைவர் என் கையை மெதுவாக அழுத்தினார்.

"பேசறவர நடுவுல நிறுத்தக் கூடாது பாப்பா. வரி முடியட்டும்."

"தப்புங்களே தலைவரே?"

"அவரு தப்பா எதாவது பேசுனா நிறுத்தலாம். பாப்பமே."

உட்கார்ந்தேன். தீர்மானப் புத்தகத்தைத் திறந்தேன். இந்த இடத்தில்தான் நான் என் வேலையைச் செய்தேன் என்று இன்றும் நினைக்கிறேன்.

"பிலிப்பு தங்கமான ஆளுங்க," என்றார் செயலாளர். "ஒரு கோவத்துல பேட்ஜ வாங்கி வச்சிட்டோம். நாங்களும் புள்ளகுட்டிக்காரங்கதான். அந்தப் பேட்ஜு அவங்க குடும்பத்துக்கே சொந்தம். நாளைக்குக் காலையில ஆறு மணிக்கு அவங்க குடும்பத்துல யாரு வந்தாலும் அதே பதினேழாம் நம்பரக் குடுத்துடறோம். நூறு கிலோ மூட்ட இனிமே எங்க மண்டியில கட்ட மாட்டோம். அம்பதுதான்."

அவர் சொன்ன சொல்லை அப்படியே எழுதினேன். 'குடும்பத்தில் யார் வந்தாலும்' என்பதை மட்டும் கொஞ்சம் தெளிவான கையெழுத்தில் எழுதினேன். அவர் மேடையிலிருந்து இறங்கியதும் புத்தகத்தையும் பேனாவையும் நீட்டினேன்.

"பேசுனவங்க எல்லாரும் கையெழுத்துப் போடறது எங்க வழக்கங்க. படிச்சுப் பாத்துட்டுப் போடுங்க."

கண்ணைத் துடைத்துக்கொண்டு முழுக்கப் படித்தார். நான் அச்சகத்தில் செய்யாததை அவர் செய்தார். போட்டார். உடன் வந்த இரண்டு பேரும் போட்டார்கள்.

ஐந்து நிமிடம் இருக்கும். பிலிப்பு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். சட்டையெல்லாம் மைதா மாவு; வெள்ளை வெளேர் என்று இருந்தார். செயலாளர் எழுந்து நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார்.

"வணக்கங்க," என்றார் பிலிப்பு.

பிலிப்பின் அம்மா வாயிலிருந்து முந்தானையை எடுத்துவிட்டார். அதற்குமேல் அவரால் முடியவில்லை. கூட்டம் முழுவதும் அவர் சிரித்ததைப் பார்த்துத்தான் சிரிக்க ஆரம்பித்தது.

செயலாளருக்கு மூச்சு திரும்பியதும் கோபமும் வந்தது. "ஏமாத்து வேலைங்க இது. அந்த வரிய அடிங்கம்மா."

"அடிச்சாலும் கீழ உங்க கையெழுத்து வேணும்ங்க," என்றேன்.

தலைவர் எழுந்தார். வழக்கம்போல் தோளைத் தாழ்த்தவில்லை. "நாங்க யாரும் பிலிப்பு செத்துட்டாருன்னு சொல்லலைங்க. நோட்டீசுல ரெண்டாவது வரிய நீங்க படிக்கல, அவ்ளோதான். குடும்பத்துல யாரு வந்தாலும்னு நீங்களே சொன்னீங்க. வந்துட்டாரு."

செயலாளர் மாலை போட்ட படத்தைத் திரும்பிப் பார்த்தார். "அப்ப இது யாருங்க?"

மூன்று வாரமாக இந்தக் கேள்விக்காகக் காத்திருந்தவர் தலைவர். மைக்கைப் பிடித்தவர் விடவில்லை. பிலிப்பைன்சில் ஆரம்பித்தார், தொழிற்சங்கத்துக்கு வந்தார், அரசாங்கம் அந்த மனிதரைப் பிடித்து உள்ளே போட்ட இடத்தில் நிறுத்திக் கவிதையைச் சொன்னார், வாணியாறு அணையோடு. செயலாளர் இரண்டு முறை எழப் பார்த்தார். பக்கத்து நாற்காலியில் இருந்த பிலிப்பின் அம்மா இரண்டு முறையும் "உக்காருங்க, நல்லாத்தான சொல்றாரு" என்றார். பிறகு செயலாளர் எழவில்லை. முன்பக்கம் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். சிறைக்குள் அந்தக் கவிஞர் எழுதுகிற கட்டம் வந்தபோது மின்சாரம் போய்விட்டது. கூட்டம் அதோடு கலைந்தது.

மறுநாள் காலை ஆறு மணிக்கு மண்டி வாசலில் பிலிப்பு, அவர் அம்மா, தலைவர், தீர்மானப் புத்தகத்தோடு நான். செயலாளர் வரமாட்டார் என்று பாதிப் பேர் சொன்னார்கள். எனக்கும் பயம்தான். என் தவறால் பிலிப்புக்குக் கிடைத்தது என் தவறாலேயே போய்விட்டால், அவர் அம்மாவின் கேள்விக்கு நான் ஆயுளுக்கும் பதில் சொல்ல முடியாது.

ஆறேகாலுக்குச் செயலாளர் வந்தார். உள்ளே போய் மேசை இழுப்பறையைத் திறந்து பதினேழாம் எண் பேட்ஜை எடுத்தார். அதைப் பிலிப்பிடம் நீட்டாமல் கையிலேயே வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"ஏம்மா, நேத்து கரண்டு போயிடுச்சு. அந்தாளு ஜெயில்லருந்து வெளிய வந்தாரா, இல்லையா?"

"வந்தாருங்க."

"வந்து?"

"மறுபடியும் சங்கத்து வேலைக்குத்தான் போனாருங்க."

செயலாளர் பேட்ஜைப் பிலிப்பின் கையில் வைத்தார்.

"போவாரு," என்றார்.